முட்டுக்கட்டையின் வரலாறு

“முட்டுக்கட்டை” என்னும் சொல்லை நம்மவர் நல்ல பொருளில் வழங்குவது அரிது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் நல்லதொரு தீர்மானத்தைக் கொண்டுவர, மற்றொருவர் அதனைத் தடுப்பாராயின், “முட்டுக்கட்டை போடுகிறார்” என்கிறோம். பெண் கல்விக்கு முட்டுக்கட்டை, கலப்பு மணத்திற்கு முட்டுக்கட்டை, முன்னேற்றத்திற்கு முட்டுக்கட்டை என்றெல்லாம் எழுதியும் பேசியும் வருகிறோம். ஆனால் அச்சொல்லுக்கு உரிய பொருள் யாது? தேர்த் திருவிழாவில் பெருந்தேரின் சக்கரத்திற்குக் கட்டை கொடுத்து, அதன் ஓட்டத்தை அடக்கியும் திசை திருப்பியும் விடும் தொழிலாளர் உண்டு. அவர் கையிலுள்ள ஆப்பு வடிவான மரத்துண்டே முட்டுக்கட்டை. வடம் பிடிப்போர் பல நூற்றுவர். ஆரவாரம் முழுவதும் அவர்களுடையதே. சக்கரத்தினடியில் எவரும் அகப்படாமற் காப்பவனோ, குனிந்த தலை நிமிராமல் கட்டை போடும் ஒருவன். தேரிழுப்பதைப்பற்றி நமது கொள்கை எதுவாயினும் ஆகுக. அத்தொழிலாளியின் அறிவை மெச்சாதிருத்தல் முறையன்று.

அத்தகைய மரக்கட்டையே இன்று உலகெங்கும் தீயணைப்பு வீரரின் வண்டியில் ஏறியிருக்கிறது. மோட்டார் வண்டி மோதியோ கவிழ்ந்தோ கிடக்குமிடத்தில், உள்ளே அகப்பட்டவரை வெளியே எடுப்பதற்கு முன், வண்டியை அசையாமல் நிறுத்தும் கருவிகளுள் அதுவே முதன்மையானது. அக்கருவிகளின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

தோட்டத்தில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், யான் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலைப்பொழுது. செம்பனைக் குலைகளை இழுத்துவந்த டிராக்டர் ஒன்று மேட்டு வளைவில் சறுக்கிப் பக்கவாட்டிற் கவிழ்ந்தது. ஓட்டிவந்த இளைஞனின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இரும்பினடியில் அகப்பட்டுக்கொண்டது. செய்தி எட்டியதும் இருபது பேருக்கு மேல் ஓடினோம். எவரும் எவரையும் கேட்கவில்லை. ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒருசேரத் தூக்கினோம். வண்டி ஒரு சாண் உயர்ந்தது. ஈரச் செம்மண்ணில் முன்னின்றவர் கால் வழுக்கிற்று. ஒருவர் கையை விட, மற்றவரும் விட்டனர். வண்டி மீண்டும் அந்தக் காலின்மேலேயே விழுந்தது. முதல் முறை நேர்ந்தது விபத்து. இரண்டாம் முறை நேர்ந்தது நாங்கள் செய்தது.

பின்னர்த் தீயணைப்பு வீரர் வந்தனர். வந்திறங்கியதும் அவர்கள் செய்த முதல் வேலை, வண்டியிலிருந்து மரக்கட்டைகளை இறக்கியதே. டிராக்டரைச் சுற்றிப் பார்த்து, இங்கொரு கட்டை அங்கொரு கட்டையாக அடியிற் செருகத் தொடங்கினர். “பையன் துடிக்கிறான், நீங்கள் கட்டை அடுக்கி விளையாடுகிறீர்களா?” என்று கூட்டத்தினர் கூவினர். அதனை அவர்களுக்கு விளங்குமாறு மலாய் மொழியிற் கூவியவன் யானே. அவருள் மூத்தவர் எனக்கு மறுமொழி ஒன்றும் கூறாமல் அடுத்த கட்டையை வாங்கி வைத்தார்.

இளைஞன் உயிர் பிழைத்தான், கால் பிழைக்கவில்லை. இரண்டாம் முறை வண்டி விழாதிருந்தால் காலும் பிழைத்திருக்குமா என்று மருத்துவரைக் கேட்கும் துணிவு எனக்கு இன்றளவும் உண்டாகவில்லை. ஆனால் அக்கட்டைகளின் காரணத்தை அறியாதிருப்பது அதனினும் பெரிய கோழைத்தனம் என்று தோன்றவே, படிக்கலானேன். படித்தறிந்தது பின்வருமாறு.

முதற் பலிகள்

அயர்லாந்து தேசத்தில், பார்சன்ஸ்டவுன் என்று அக்காலத்தில் வழங்கிய பிர் நகரில், 1869ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மேரி வார்டு என்னும் அம்மையார், தம் உறவினர் செய்த நீராவி வண்டியில் ஏறிச் சென்றார். அவர் நுண்பெருக்கிக் கண்ணாடியைப்பற்றி நூல் எழுதிய கல்விமான். வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது அவர் தூக்கியெறியப்பட்டு, சக்கரத்தினடியில் அகப்பட்டு மாண்டார். இயந்திர வண்டியினால் நேர்ந்த சாவுகளுள் நாம் அறிந்த மட்டில் இதுவே முதலாவது என்பர். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் இலண்டன் கிறிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி இறந்தார்.

1888இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் சக்கரத்தைக் கொணர்ந்தார். 1908இல் ஃபோர்டு கம்பெனி ‘மாடல் டி’ வண்டியை வெளியிட்டது. 1927 வரையில் அவ்வகை வண்டிகள் மட்டும் 1 கோடியே 50 இலட்சத்திற்கு மேற்பட்டன. இச்சக்கரங்களுக்கு வேண்டிய ரப்பருக்காகவே மலாயாக் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்காகவே நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர். உலகத்து மோட்டார் வண்டிகள் ஓடியதில் நம் இனத்தாரின் வியர்வையும் உண்டு. அவை உருண்டு கவிழ்ந்தால் செய்யவேண்டுவது யாதென அறிவதும் நமக்கு அயலான காரியம் அன்று.

பழந்தொழில்களின் கொடை

விபத்து மீட்புக்கென்று தொடக்கத்தில் தனிக்கருவிகள் இருந்ததில்லை. பாரத்தோடு போராடிய பழந்தொழிலாளர் யாவரும் தத்தம் அறிவை இதற்கு வழங்கினர்.

முதலாவது, சுரங்கத் தொழிலாளர். தலைக்குமேல் நிற்கும் பாறையைத் தாங்குவதற்கு அவர்கள் மரக்கால்களை நட்டும், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை அடுக்கியும் முட்டுக்கொடுத்தனர். இரும்புத் தூண் வந்த பின்னும் மரத்தையே பலர் விரும்பினர். ஏனெனில், பாரம் மிகும்போது மரம் முனகும், நெரியும், நார் பிளக்கும் ஓசை கேட்கும். ஓசை கேட்டவன் ஓடிப் பிழைக்கலாம். இன்றும் மீட்புப் படையினர் வன்மரத்தைவிட ஊசியிலை மரம் போன்ற மென்மரங்களை விரும்புவதற்குக் காரணம் இதுவே. வன்மரம் மிகுந்த பாரம் தாங்கும்; ஆனால் முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடக்கூடும்.

இரண்டாவது, பாரந்தூக்குவோர். திருகாணியால் பாரத்தை உயர்த்தும் பொறியின் படம் 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரராகிய வில்லார் தெ ஒன்னெக்கூர் வரைந்த ஏட்டிலேயே காணப்படுகிறது. 1795இல் ஆங்கில நாட்டு ஜோசப் பிராமா நீரழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். சிறு குழாயில் சிறு விசையால் அழுத்திய நீர், பெருங்குழாயில் பெரு விசையாக எழும்பும் என்பதே அதன் தத்துவம். 1851இல் அமெரிக்காவில் ரிச்சர்டு டட்ஜன் அப்பொறியைக் கையால் தூக்கிச் செல்லத்தக்க ஜாக்கியாக அமைத்தார். 1857 நவம்பரில் இலண்டனில் ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்னும் மாபெருங் கப்பலை ஆற்றில் இறக்க முயன்றபோது, அது இடையில் அசையாமல் நின்றுவிட்டது. நீரழுத்த ஜாக்கிகளைக் கொண்டு சிறிது சிறிதாகத் தள்ளி, 1858 ஜனவரி 31ஆம் நாள்தான் மிதக்கவிட்டனர். பெரும்பாரத்தோடு பழகும் முறை அவசரமன்று, பொறுமையே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது, கட்டடத் தொழிலாளர். 1940, 1941ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியர் இலண்டன்மீது குண்டு மாரி பொழிந்தபோது, இடிபாடுகளில் அகப்பட்டோரை மீட்ட கடுமீட்புக் குழுக்களிற் பெரும்பாலோர் கொத்தனாரும் தச்சருமே. எந்தச் சுவர் எதனைத் தாங்குகிறது, எதனை எடுத்தால் எது சரியும் என்பதைப் பட்டறிவால் அறிந்தவர் அவர். அக்காலத்தில்தான், 1941இல், பைவாட்டர்ஸ், பீல் என்னும் இருவர் ஓர் உண்மையை மருத்துவ உலகிற்கு விளக்கினர். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த கை கால்களிலிருந்து பாரத்தை நீக்கியபின், நலமாயிருப்பதுபோற் காணப்பட்டோர் சிலநாளில் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். நசுங்கிய தசையிலிருந்து இரத்தத்திற் கலந்த நஞ்சே அதற்குக் காரணம். ஆகவே பாரத்தைத் தூக்குவது மட்டும் மீட்பாகாது. எப்பொழுது, எவ்வாறு, யார் அருகிருக்கத் தூக்குவது என்பதும் மீட்பின் பகுதியே.

தீயணைப்புப் படைக்குள் இவ்வறிவு ஒழுங்காகப் புகுந்ததற்கு எடுத்துக்காட்டு நியூயார்க் நகரம். 1915 ஜனவரியில் அங்குச் சுரங்க ரயிற்பாதையில் தீவிபத்து நேர்ந்தது. அதன் பின்னர் அவ்வாண்டு மார்ச்சு 8ஆம் நாள், நெருப்போடு போராடுவதற்கன்றி மனிதரை மீட்பதற்கென்றே தனிப்படை ஒன்று நிறுவப்பட்டது. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின.

கட்டையின் கணக்கு

நான்கு சக்கரங்களும் தரையிற் படிய நிற்கும் வண்டிக்கு முட்டு எதற்கு என்று சிலர் வினவலாம். வண்டி நிற்பது தரையின்மேல் அன்று. காற்றின்மேலும் வில்லின்மேலும் நிற்கிறது. சக்கரத்திற் காற்று, அதற்குமேல் சுருள்வில். மீட்போர் ஒருவர் கதவைப் பிடித்து ஏறினாலும் வண்டி ஊசலாடும். உள்ளிருப்பவனின் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருக்குமாயின், அச்சிறு ஆட்டமே தண்டுவடத்தை அறுத்து, அவனை ஆயுள் முழுவதும் முடமாக்கப் போதுமானது.

ஆகவே முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை வைப்பர். பின்பு வண்டியின் இருபுறத்து அடிச்சட்டங்களின் கீழ், பக்கத்திற்கு இரண்டாகப் படிப்படியாக வெட்டிய படிக்கட்டைகளைச் செருகுவர். இடைவெளி எஞ்சினால் ஆப்பு அடித்து நிரப்புவர். அதன்பின் சக்கரங்களின் காற்றை மெல்ல இறக்கிவிட, வண்டி கட்டைகளின்மேல் அமர்ந்து, வில்லின் ஆட்டம் அடங்கும்.

பாரம் மிகுந்த இடத்தில் கட்டைகளைப் பெட்டிபோல் அடுக்குவர்: கீழே இரண்டு நெடுக்காக, அவற்றின்மேல் இரண்டு குறுக்காக, மீண்டும் நெடுக்காக. 4 அங்குலச் சதுரக் கட்டை என்பது இழைத்தபின் மூன்றரை அங்குலமே. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6,000 இராத்தல் தாங்கும் என்பது மீட்புத் துறையினர் கணக்கு. அடுக்கில் அத்தகைய இடம் நான்கு. ஆக 24,000 இராத்தல், அதாவது ஏறக்குறைய 11 டன். எளிய மரத்துண்டுகள் எட்டோ பத்தோ ஒரு லாரியைத் தாங்கும் என்பதைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், கணக்கிட்டு அறிவதே பகுத்தறிவு. கட்டைகளுக்குச் சாயம் பூசுவதும் கூடாது. சாயம் வழுக்கும், வெடிப்பையும் மறைக்கும். குற்றத்தை மூடும் பூச்சு மரத்திற்கும் ஆகாது, மனிதர்க்கும் ஆகாது.

பக்கவாட்டிற் சாய்ந்து கிடக்கும் வண்டிக்குக் கட்டை மட்டும் போதாது. அதற்கு நீட்டவும் குறுக்கவும் தக்க உலோக முட்டுக்கால்கள் வந்துள்ளன. ஒரு முனையை வண்டியின் மேற்புறத்தில் பொருத்தி, மறுமுனையைத் தரையில் ஊன்றி, அவ்வடிமுனையை இறுக்குப் பட்டையினால் வண்டியின் அடிப்புறத்தோடு பிணைத்து இழுப்பர். முட்டுக்கால், பட்டை, வண்டி ஆகிய மூன்றும் முக்கோணமாக அமைந்து ஒன்றையொன்று தாங்கும். வண்டி நிற்கும் அடித்தளம் அகன்றதற்கு ஒப்பாகிவிடுதலால், அது எளிதிற் புரளாது. பள்ளச் சரிவில் கிடப்பதாயின், சங்கிலியாலோ கம்பிவடத்தாலோ மேலே பிணைத்த பின்னரே அருகிற் செல்வர்.

இரும்புத் தாடையும் காற்றுப் பையும்

1960களில் அமெரிக்கராகிய ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பார், மோட்டார்ப் பந்தயத்தில் நொறுங்கிய வண்டிகளிலிருந்து ஓட்டுநரை எடுப்பதற்கு நெடுநேரம் பிடிப்பதைக் கண்டு, நீரழுத்த விசையால் இரும்பைப் பிளக்கும் கருவியை அமைக்க முற்பட்டார். ‘உயிர்த் தாடை’ என்னும் பொருளுடைய பெயரால் 1970களில் அது எங்கும் பரவியது. கதவைப் பெயர்க்கவும், தூணை அறுக்கவும், கூரையைக் கழற்றவும் அதனால் இயன்றது.

இங்கேதான் வரலாறு நமக்கு ஒரு பாடத்தைச் சொல்லுகிறது. விசை மிகுந்த புதுக்கருவி வந்ததனால் பழைய கட்டைக்கு வேலை குறைந்ததா? இல்லை, மிகுந்தது. கூரையும் தூணும் சேர்ந்தே ஒரு வண்டியை விறைப்பாக வைத்திருக்கின்றன. அவற்றை அறுத்தவுடன் வண்டியின் உடல் தளர்ந்து நடுவில் தொய்யும். தொய்யாமல் தாங்குவது அடியிலுள்ள கட்டையே. வெட்டும் ஆற்றல் வளர வளரத் தாங்கும் ஆற்றலும் உடன்வளர வேண்டும். இது வண்டிக்கு மட்டும் உரிய நியாயம் அன்று. பழைய வழக்கங்களை அறுக்கப் புறப்படும் சீர்திருத்தக்காரராகிய நாமும், அவ்வழக்கத்தினடியில் அகப்பட்டுக் கிடக்கும் மனிதனுக்கு முட்டுக்கொடுத்துவிட்டே அறுத்தல் வேண்டும்.

காற்றுப் பை மற்றொரு புதுமை. கனத்த ரப்பருக்குள் வலிய இழைகளை வைத்து அமைத்த இப்பை, காற்றில்லாதபோது சுமார் ஓர் அங்குலமே தடிப்புடையது. கை நுழையாத இடுக்கிலும் நுழையும். அவ்விழைகளுள் சிறந்ததாகிய ‘கெவ்லார்’ 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் என்னும் பெண் விஞ்ஞானியால் கண்டுபிடிக்கப்பட்டது. பெண்ணுக்கு அடுப்பங்கரையே போதும் என்போர் இதனைக் கருதுக. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ அழுத்தமுள்ள காற்றைச் செலுத்தினால், 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள பை கணக்கின்படி 28 டன்னுக்கு மேற்பட்ட விசையைத் தரும். ஆயினும் பை உப்ப உப்ப உருண்டை வடிவாகிப் பாரத்தைத் தொடும் பரப்புக் குறைதலால், தூக்கும் வலிமையும் குறையும். பை கிழியலாம், நழுவலாம். ஆகவே “ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் கட்டை வை” என்பதே எந்நாட்டு மீட்புப் படைக்கும் விதி. தூக்குவது பை, தாங்குவது கட்டை. அன்று எங்கள் தோட்டத்து மேட்டில் இருபது பேர் கூடி மறந்தது இந்த ஒரு விதியையே. ஒரு சாண் தூக்கினோம். ஒரு விரற்கடைக் கட்டையும் வைத்தோமில்லை.

நம் நாடுகளில்

சிலாங்கூரில் தீயணைப்புப் படை 1883இல் தொடங்கிற்று. 1976இல் தீயணைப்புப் பணி கூட்டரசின் கீழ் ஒன்றுபடுத்தப்பட்டது. 1997இல் அத்துறையின் பெயரில் ‘மீட்பு’ என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டு, தீயணைப்பு மீட்புத் துறை ஆயிற்று. 2013 ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலைப்பாதையில் பேருந்து ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 37 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. நீரிறைப்பதோடு அத்துறையின் கடமை முடிவதில்லை என்பதற்கு அத்தகைய சாலைகளே சாட்சி.

சிங்கப்பூரில் 1986 மார்ச்சு 15ஆம் நாள் ஆறு மாடிக் கட்டடமாகிய நியூ வோர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் இறந்தனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். அவ்வமயம் சுரங்க ரயிற்பாதை அமைத்துக்கொண்டிருந்த அயல்நாட்டு வல்லுநர் முன்வந்து, கனத்த இயந்திரங்களால் அகழ்ந்தால் இடிபாடு உயிரோடிருப்போர்மேற் சரியும் என்று எச்சரித்து, அடியிற் சிறு சுரங்கங்கள் தோண்டி உட்புகுந்தனர். சுரங்கத் தொழிலாளியின் பழைய அறிவு மீண்டும் உயிர் காத்தது. 1989இல் அந்நாட்டுத் தீயணைப்புப் பணி, குடிமைத் தற்காப்புப் படையோடு ஒன்றாக்கப்பட்டது.

நாம் செய்யத்தக்கது

விபத்தைக் கண்டவுடன் நம்மவருட் சிலர் “தலைவிதி” என்று கைகட்டி நிற்பர். சிலர் கண்மூடிப் பாய்வர். இரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். ஆராயாமை என்பதே அந்நோய். விதியை நம்புகிறவன் உதவாமற் கெடுக்கிறான். பதறுகிறவன் உதவிக் கெடுக்கிறான். அன்று எங்களிடம் இரக்கத்திற்குக் குறைவில்லை. அறிவில்லாத இரக்கம் இருபது பேர் வலிமையோடு ஒருவன் காலின்மேல் விழுந்தது.

ஆகவே உடன்பிறந்தாரே, கவிழ்ந்த வண்டியைக் கூட்டமாகச் சேர்ந்து நிமிர்த்த முற்படாதீர். முதலில் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். எட்டக்கூடுமாயின் வண்டியின் விசையை நிறுத்துங்கள். எவரும் புகை பிடிக்க விடாதீர். ஆபத்தின்றி இயலுமாயின் கல்லோ கட்டையோ சக்கரத்திற்குத் தடையாக வையுங்கள். வண்டியினடியிற் கையையோ தலையையோ நுழைக்காதீர். அகப்பட்டவனோடு பேசிக்கொண்டிருங்கள், அவன் தலையை அசைக்க விடாதீர். தீப்பற்றினாலோ வெள்ளம் ஏறினாலோ அன்றி, அவனைப் பற்றி இழுக்காதீர். நம் சங்கங்கள் ஆண்டுவிழாவிற்குச் செலவிடும் பொழுதில் ஒரு நாளை ஒதுக்கி, அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, இவற்றை நேரிற் காட்டச் செய்தல் நன்று.

எங்கள் தோட்டத்து ஒர்க்ஷாப்பில் இப்போது சாயம் பூசாத கட்டைகள் இருபத்து நான்கும், ஆப்புகள் பன்னிரண்டும் ஒரு மூலையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்காக மூன்று முறை விண்ணப்பம் எழுதினேன். கால் இழந்த அவ்விளைஞனே இன்று அங்குச் சாமான் கணக்கு எழுதுகிறான். கட்டைகள் வந்திறங்கிய அன்று, “ஐயா, இவற்றை எந்தப் பெயரில் பதியட்டும்?” என்று என்னைக் கேட்டான். “முட்டுக்கட்டை என்றே எழுது, தம்பி,” என்றேன்.